காது அடைத்திருந்த நேரத்தையும் சொல்லும் கருவி: விஎம் நிகழ்வுகளைக் கவனிக்கக் கட்டளைவரி நிரல் எழுதுவது

“அண்ணை, ராத்திரி ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் லொக்கில கிடக்கு. ஆனா மூண்டு விஎம் நிண்டுபோய்க் கிடக்கு.”

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாணவர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் பழைய சேர்வரில் பன்னிரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. எல்லோரும் சொல்வதுபோல் இனி விஎம் என்றே எழுதுகிறேன். அவற்றைக் கவனிக்க ஒரு பெடியன் தானாகவே ஒரு கட்டளைவரிக் கருவி எழுதியிருந்தான். நிறம் பிரித்த வரிகள், ஒழுங்கான உதவிப் பக்கம் என்று நல்ல வேலைதான். அன்று இரவு கரண்ட் போனபோது சேர்வரை யூபிஎஸ் தாங்கியது. கருவி ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைப் பற்றரி தாங்கியது. இடையில் இருந்த ரவுட்டரைத் தாங்க எதுவும் இல்லை. கரண்ட் வந்த பிறகும் விடியும்வரை, நூல் அறுந்த தீப்பெட்டி ரெலிபோனைக் காதில் வைத்திருக்கும் சின்னப் பிள்ளைபோல அந்தக் கருவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதைத் திருத்தி எழுதிய ஒழுங்கிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். லினக்ஸ் டேர்மினலில் புழங்கிய பழக்கமும் கொஞ்சம் பைதனும் இருந்தால் போதும். கட்டளைகளையும் தெரிவுகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

1. எழுதத் தொடங்க முதல் சும்மா இருந்து கேளுங்கள்

லினக்ஸில் விஎம் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் விஎம்மை உண்மையில் ஓட்டும் கேவிஎம், கியூஎமு இரண்டையும் லிப்வேர்ட் (libvirt) என்ற திறந்த மூல நூலகத்தின் வழியாகத்தான் தொடுகிறார்கள். அதோடு வரும் கட்டளை வேர்ஷ் (virsh). அதற்குள்ளேயே நிகழ்வுகளைக் கேட்கும் வசதி இருக்கிறது: ‘வேர்ஷ் ஈவென்ட்’ என்று அடித்து, இரட்டைக் கோடு போட்டு ‘ஆல்’, ‘லூப்’, ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற மூன்று தெரிவுகளையும் சேருங்கள். ‘லூப்’ போடாவிட்டால் முதல் நிகழ்வு வந்தவுடன் அது தன் அலுவல் முடிந்ததென்று வெளியேறிவிடும்.

இன்னொரு டேர்மினலைத் திறந்து ஒரு சோதனை விஎம்மைத் தொடக்குங்கள், இடைநிறுத்துங்கள், மீண்டும் ஓடவிடுங்கள், அணையுங்கள். கடைசியில் ‘டிஸ்ட்ரோய்’ கொடுங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது எதையும் அழிக்காது. ஓடுகிற கணினியின் பிளக்கை இழுத்துவிடுவதற்குச் சமம், அவ்வளவுதான்.

வேர்ஷ் ஒன்றுமே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் வேறு வாசலில் நிற்கிறீர்கள். லிப்வேர்டில் ‘சிஸ்டம்’, ‘செஷன்’ என்று இரண்டு தனித்தனி இணைப்புகள் உண்டு. சேர்வரின் விஎம்கள் சிஸ்டம் பக்கத்தில் இருக்கும். சாதாரணப் பயனராக நுழைந்தால் பல லினக்ஸ் விநியோகங்களில் செஷன் பக்கம்தான் திறக்கும். அங்கே பட்டியல் வெறுமையாக இருக்கும், பிழைச் செய்தியும் வராது. புதியவர்கள் பாதிப் பேர் இதில்தான் ஒரு பின்னேரத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் கருவி எந்த இணைப்பில் நிற்கிறது என்பதைத் தொடங்கும்போதே ஒரு வரியில் சொல்லட்டும்.

2. ‘நின்றது’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்

விஎம்மின் வாழ்க்கைச் சுழற்சி நிகழ்வுகளை லிப்வேர்ட் எண்களாக அனுப்புகிறது: வரையறுக்கப்பட்டது 0, நீக்கப்பட்டது 1, தொடங்கியது 2, இடைநின்றது 3, மீண்டும் ஓடியது 4, நின்றது 5, அணைந்தது 6, உறக்கநிலை 7, நொறுங்கியது 8. இதோடு காரணம் சொல்லும் இரண்டாவது எண்ணும் வரும். பெடியன் எழுதிய முதல் பதிப்பு அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கவே இல்லை.

‘நின்றது’ என்ற ஒரு நிகழ்வுக்குள்ளேயே குறைந்தது ஏழு காரணங்கள் இருக்கின்றன. ஒழுங்காக அணைக்கப்பட்டது, பிளக் இழுக்கப்பட்டது, நொறுங்கியது, வேறு சேர்வருக்கு நகர்ந்தது, நிலையைச் சேமித்து வைத்தது, தோல்வியுற்றது, ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பியது. நகர்ந்துபோன விஎம்முக்கு நடுச்சாமத்தில் மனிசரை எழுப்பத் தேவையில்லை. தோல்வியுற்றதற்கு எழுப்பத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே சிவப்பு வரியாகக் காட்டினால் மூன்றாம் நாள் அந்த வரியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று நின்றுபோன மூன்று விஎம்களும் உண்மையில் ‘நிற்கவே’ இல்லை. அவை இடைநின்றிருந்தன, காரணம் ஐஓ பிழை, அதாவது வட்டில் எழுதும்போதோ வாசிக்கும்போதோ வரும் பிழை. கதை இதுதான்: மாணவர்களின் விஎம்களுக்கு 40 ஜிபி வட்டு என்று கொடுத்திருந்தாலும் அந்த வட்டாக சேர்வரில் இருக்கும் கியூகவ்2 கோப்பு எழுத எழுதத்தான் வளரும். எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு, சேர்வரில் உண்மையில் இருந்த இடத்தைவிட அதிகம். சீட்டுப் பிடித்தவர் எல்லோரும் ஒரே நாளில் காசு கேட்டு வந்ததுபோல அந்த இரவு வட்டு நிரம்பியது. எழுதும்போது இடமில்லை என்றால் விஎம்மை இடைநிறுத்தி வைப்பதுதான் கியூஎமுவின் இயல்புநிலை நடத்தை. அது நல்ல நடத்தையும்கூட, ஏனென்றால் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை கெட்டுப்போகாது. வட்டில் இடம் எடுத்துக்கொடுத்து ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

ஆகவே ‘இடைநின்றது’ வந்தால் யாரோ வேண்டுமென்று நிறுத்தினார்களா, ஐஓ பிழையா என்று கருவி பிரித்துச் சொல்லவேண்டும். ஐஓ பிழைக்குத் தனி நிகழ்வும் உண்டு. அதன் காரணப் பகுதி இடமில்லை என்பதையும் எந்த வட்டு என்பதையும் சொல்லும். வாழ்க்கைச் சுழற்சியோடு இதையும் கட்டாயம் பதிவுசெய்யுங்கள். மற்ற நிகழ்வு வகைகள் எல்லாம் முதல் பதிப்பில் தேவையில்லை.

இன்னொரு பொறி: எண்களைப் பெயர்களாக மாற்ற ஒரு பட்டியலை வைத்து, அந்த எண்ணாலேயே நேரே எடுப்பது. நாளைக்குப் புதிய லிப்வேர்ட் பதிப்பு ஒரு காரணத்தைக் கூட்டினால் பட்டியலில் அந்த இடம் இருக்காது, கருவி அதிலேயே விழுந்துவிடும். தெரியாத எண் வந்தால் ‘தெரியாத காரணம் 9’ என்று அப்படியே அச்சிடட்டும்.

3. எலும்புக்கூடு

பைதனில் லிப்வேர்ட் நூலகத்தைக் கொண்டு எழுதுவது இலகு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் இயல்புநிலை நிகழ்வுச் சுழற்சியைப் பதிவுசெய்யவேண்டும். பிறகுதான் இணைப்பைத் திறக்கவேண்டும். மாற்றிச் செய்தால் நிகழ்வுகள் வந்துசேரா. அதன்பின் ஒவ்வொரு நிகழ்வு வகைக்கும் ஒரு அழைப்புச் சார்பைக் (நிகழ்வு வந்ததும் லிப்வேர்ட் கூப்பிடும் சார்பு) கொடுத்து, சுழற்சியை ஒரு முடிவில்லாத மடக்குக்குள் ஓடவிடவேண்டும்.

இணைப்பை வாசிப்பு மட்டும் முறையில் திறவுங்கள். நிகழ்வுகளைக் கேட்பதற்கு அது போதும். பார்க்க வந்த கருவியின் கையில் விஎம்மை அணைக்கும் திறப்பு எதற்கு?

அழைப்புச் சார்புக்குள் நீண்ட வேலை செய்யாதீர்கள். நிகழ்வு வந்தவுடன் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவதையும் அங்கேயே எழுதினான் எங்கள் ஆள். செய்திச் சேவை பதில் தரும்வரை அடுத்த நிகழ்வுகள் எல்லாம் வரிசையில் காத்து நின்றன. வந்ததை ஒரு கியூவில் போட்டுவிட்டுத் திரும்புங்கள். மற்றதை இன்னொரு இழை (த்ரெட்) பார்த்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு வரியிலும் விஎம்மின் பெயரோடு, அதற்கே உரிய தனி அடையாளமான யூயூஐடியையும் போடுங்கள். பெயரை யாரும் மாற்றலாம், அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்று செய்யலாம். வேர்ஷ் பட்டியலில் தெரியும் சின்ன எண்ணோ ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறும்.

4. நேரம் யாருடைய நேரம்?

லிப்வேர்டின் வாழ்க்கைச் சுழற்சி நிகழ்வோடு நேரம் வராது. வேர்ஷ் காட்டும் நேரம்கூட, நிகழ்வு வேர்ஷின் கைக்கு வந்த நேரம்தான். கியூஎமுவோடு நேரே, அதன் சொந்தக் கட்டுப்பாட்டு நெறிமுறையான கியூஎம்பி வழியாகக் கதைத்தால் ஒவ்வொரு நிகழ்விலும் வினாடியும் மைக்ரோவினாடியும் இருக்கும். ஆனால் புதியவருக்கு அது முதல் நாள் வேலை இல்லை. ஆகவே நீங்கள் அச்சிடுவது ‘கேட்ட நேரம்’ என்று உதவிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அந்த நேரத்தையும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) பதிவுசெய்யுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இதை யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் வயதானவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1996 மே மாதம் இலங்கை நேரம் யூடிசியிலிருந்து 6:30 மணித்தியாலத்துக்குத் தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் 6:00 ஆனது, 2006 ஏப்ரலில் திரும்பவும் 5:30க்கு வந்தது. அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்காமல் ஒரு பயணத்தையும் ஒழுங்குசெய்ய முடியாத ஊர் இது. ஒரு லொக் வரியைப் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும் நிலை வரக்கூடாது. ‘+05:30’ என்று முடிவில் ஒட்டினாலும் சரி, யூடிசி அடையாளம் போட்டாலும் சரி, ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

5. யார் வாசிக்கப்போகிறார்கள்?

வெளியீட்டை மனிதரும் வாசிப்பார், இன்னொரு நிரலும் வாசிக்கும். இயல்பாக ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி: நேரம், விஎம் பெயர், என்ன நடந்தது, ஏன். ‘ஜேசன்’ என்று ஒரு தெரிவு கொடுத்தால் அதே தகவல் ஒரு வரிக்கு ஒரு ஜேசன் பொருளாக வரட்டும். பல வரிகளில் அழகாக விரித்து எழுதினால் கிரெப் செய்ய முடியாது, பாதியில் வெட்டுப்பட்ட கோப்பையும் வாசிக்க முடியாது.

நிகழ்வுகள் மட்டும் ஸ்டான்டர்ட் அவுட்புட்டில் போகவேண்டும். ‘இணைப்புக் கிடைத்தது’, ‘மறுபடி முயல்கிறேன்’ போன்ற கருவியின் சொந்தக் கதைகள் ஸ்டான்டர்ட் எரரில். நிறம், திரைக்கு எழுதும்போது மட்டும். ‘நோ கலர்’ (இது மட்டும் பெரிய எழுத்தில்: NO_COLOR) என்ற சூழல் மாறி வைத்திருப்பவருக்கு அங்கேயும் வேண்டாம்.

பைப்பின் வழியாக அனுப்பும்போது ஒரு வேடிக்கை நடக்கும். திரைக்கு எழுதும்போது பைதன் வரிக்கு வரி வெளியே தள்ளும். பைப்புக்கோ கோப்புக்கோ எழுதும்போது, பல பைதன் பதிப்புகளில், 8192 பைட் சேரும்வரை உள்ளேயே வைத்திருக்கும். ஒரு வரி 130 பைட் என்றால் அறுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் சேர்ந்த பிறகுதான் முதல் வரி வெளியே வரும். பன்னிரண்டு விஎம் உள்ள சேர்வரில் அதற்கு இரண்டு நாள்கூட ஆகலாம்! ஒவ்வொரு அச்சிடலிலும் ‘ஃப்ளஷ்’ போடுங்கள். டேர்மினலில் வேலை செய்தது, கிரெப்போடு சேர்த்தால் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

6. செவிடாக இருந்த நேரம்

இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நிகழ்வுகளை லிப்வேர்ட் சேமித்து வைப்பதில்லை. கேட்க ஆள் இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் அது காற்றோடு போய்விடும். வெறுமையான லொக் என்றால் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம், கருவி கேட்காமலும் இருந்திருக்கலாம். வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த வித்தியாசத்தைக் காட்டாத கருவி, இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

காது அடைபடக் கரண்ட் போகத் தேவையில்லை. பொதி மேம்படுத்தலின்போது லிப்வேர்ட் சேவை ஒருமுறை மறுதொடக்கமானாலே போதும். விஎம்கள் தனித்தனிக் கியூஎமு செயல்முறைகளாக ஓடுவதால் அவை அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் இணைப்பு மட்டும் அறுந்துவிடும்.

முதலில், அறுந்ததை அறியவேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்புக்கு மறுமுனை போய்விட்டது தானாகத் தெரியாது. எதையாவது அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு லிப்வேர்ட் இணைப்பில் ‘கீப்அலைவ்’ வசதி உண்டு. இடைவெளி 5 வினாடி, எண்ணிக்கை 3 என்று கொடுத்தால், மறுமுனையிலிருந்து கடைசியாகச் சத்தம் வந்து ஏறக்குறைய 20 வினாடியில் இணைப்பு மூடப்படும். மூடப்படும்போது அழைக்கப்படும் சார்பையும் பதிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் மூடியதும் உங்களுக்குத் தெரியாது. கூடவே நிமிடத்துக்கு ஒருமுறை லிப்வேர்டின் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். ‘இதுவரை நிச்சயமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்று சொல்ல அந்த நேரம்தான் ஆதாரம்.

பிறகு, திரும்ப இணைவது. 1, 2, 4 வினாடி என்று கூட்டிக்கொண்டே போய் 60 இல் நிறுத்துங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடக் கரண்ட் வெட்டினார்கள். அப்படியான நாளில் ‘பத்து முறை முயன்று வெளியேறு’ என்று எழுதிய கருவி காலைக்குள் செத்திருக்கும். சலிக்காமல் முயலட்டும்.

இணைந்தவுடன் செய்யவேண்டியதில்தான் சூட்சுமம். முதலில் அழைப்புச் சார்புகளைப் பதிவுசெய்யுங்கள், அதற்குப் பிறகு எல்லா விஎம்களின் தற்போதைய நிலையையும் கேளுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் நடப்பது தவறிப்போகும். இந்த வரிசையில் ஒரே மாற்றம் இரண்டு முறை வரக்கூடும். அது பரவாயில்லை, தவறவிடுவதைவிட இரட்டித்துச் சொல்வது மேல்.

கிடைத்த நிலைகளை, யூயூஐடி வாரியாக முன்பு தெரிந்த நிலைகளோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதையும் ஒரு வரியாக அச்சிடுங்கள், ஆனால் ‘கேட்டது’ என்று போடாமல் ‘ஊகம்’ என்று போடுங்கள். நேரத்துக்குப் பதில் ஒரு இடைவெளி: 02:07 இலிருந்து 06:41க்குள். நிலையைக் கேட்கும்போது லிப்வேர்ட் காரணத்தையும் தரும் என்பதால் ‘இடைநின்றிருக்கிறது, ஐஓ பிழை’ என்பதுவரை சொல்லமுடியும். எப்போது என்பது மட்டும் போனது போனதுதான். முழுதாக அணைந்த விஎம் என்றால் சேர்வரில் அந்த விஎம்முக்கு உள்ள கியூஎமு லொக் கோப்பின் கடைசி வரியில் பெரும்பாலும் நேரம் கிடக்கும், அதுவும் யூடிசியில்.

சேர்வரே கரண்ட் இல்லாமல் விழுந்தால் ‘நின்றது’ என்று சொல்ல ஆளே இருக்காது. விழித்த பிறகு ‘தொடங்கியது’ மட்டும் வரும். ஒரே விஎம்முக்கு, நடுவில் நின்றதாக வராமல் இரண்டு ‘தொடங்கியது’ வந்தால் கருவி அதைக் கவனித்து ஒரு இடைவெளி வரி போடவேண்டும். எங்கள் ஊரில் இது அபூர்வமான நிலை இல்லை.

7. தெரிவுகள், வெளியேறும் எண்

கொள்கலன்களை (கொன்டெய்னர்) ஓட்டும் டொக்கரில் ‘ஈவென்ட்ஸ்’ கட்டளை பழகியவர்கள் ‘சின்ஸ்’, ‘அன்டில்’, ‘ஃபில்டர்’ என்ற தெரிவுகளை எதிர்பார்ப்பார்கள். பெயர்களை அங்கிருந்தே எடுங்கள், புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டாம். ஆனால் நேற்றைய நிகழ்வுகளை நீங்கள் எங்கேயும் சேமிக்கவில்லை என்றால் ‘சின்ஸ்’ கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு வெறுமையைக் காட்டுவது பொய்.

சரியாக முடிந்தால் 0, ஓடும்போது பிழை என்றால் 1, தெரிவைப் பிழையாக அடித்தால் 2. கொன்ட்ரோல் சி அடித்தால் 130. அப்போது பைதனின் நீண்ட பிழைத் தடம் திரையில் கொட்டக்கூடாது. ‘ஹெட்’ போன்ற ஒன்றுக்குப் பைப் செய்து அது முதலில் மூடிக்கொண்டாலும் அப்படித்தான், சத்தமில்லாமல் வெளியேறுங்கள்.

8. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

விஎம் ஓட்டப் போதுமான நினைவகம் இல்லாத மடிக்கணினியிலும் பழகலாம். லிப்வேர்டுக்குள் ‘டெஸ்ட்’ என்ற போலி இயக்கி இருக்கிறது. அதில் ‘டெஸ்ட்’ என்ற பெயரிலேயே ஒரு பொய் விஎம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பொய் உலகம் ஒரே செயல்முறையின் நினைவகத்துக்குள் மட்டும் இருக்கும். இன்னொரு டேர்மினலிலிருந்து அணைத்தால் உங்கள் கருவிக்குத் தெரியாது. சோதனை நிரலே பதிவுசெய்து, அதே நிரலே அணைக்கவும் வேண்டும்.

அது சரிவந்தால் உண்மையான விஎம் ஒன்றில் கை வையுங்கள். கியூஎமு செயல்முறையைக் ‘கில்’ 9 கொடுத்துக் கொல்லுங்கள். ‘நொறுங்கியது’ வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். நிகழ்வில் வருவது ‘நின்றது, தோல்வி’. நிலையைக் கேட்டால்தான் ‘நொறுங்கியது’ என்று காரணம் சொல்லும். இரண்டும் ஒரே சம்பவம் என்று உங்கள் ஒப்பீட்டுப் பகுதிக்குத் தெரிந்திருக்கவேண்டும். சிறிய கோப்பு முறைமை ஒன்றைச் செய்து, அதில் விஎம் வட்டை வைத்து நிரப்பிப் பாருங்கள். லிப்வேர்ட் சேவையை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

கடைசியாக, சேர்வருக்கும் கருவிக்கும் இடையில் உள்ள ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சேர்வரின் கீபோர்டிலிருந்து ஒரு விஎம்மை இடைநிறுத்திவிட்டு, வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பிளக்கைத் திரும்பச் செருகி இரண்டு நிமிடம் பொறுங்கள். ‘ஊகம்’ என்று தொடங்கும் வரி திரையில் வராவிட்டால் ஆறாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். எங்கள் பெடியனுக்கு அது மூன்றாவது தேத்தண்ணியில்தான் வந்தது.